ஒன்றும் விடாமல், ஒன்றும் மீளாமல்

நுழையும்முன்

எண்ணுதல் வேறு, எழுதி முடித்தல் வேறு. எட்டுப் பொருள்களை எத்தனை வகையாக வரிசைப்படுத்தலாம் என்பதற்குக் கணிதம் ஒரே வரியில் விடை தருகிறது. அவ்வகைகள் அனைத்தையும் ஒன்றும் விடுபடாமலும் ஒன்றும் இருமுறை வாராமலும் எழுதிக் காட்டுவதற்கோ ஒரு நெறிமுறை வேண்டும். இன்று கணினி நிரலர்கள் நாள்தோறும் கையாளும் இந்நெறிமுறைகளின் வேர்கள் யாப்பிலும் இசையிலும் கிளைத்தவை. மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொல்லும் அசை வாய்பாட்டிலும் அவ்வேர் ஒன்று இருக்கிறது.

மலையைச் சுற்றும் வழி

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுடையது. அப்பாதையில் எண்திசைகளுக்கும் உரியனவாக எட்டு இலிங்கச் சந்நிதிகள் அமைந்துள்ளன. கிழக்கில் இந்திர இலிங்கம், தென்கிழக்கில் அக்னி இலிங்கம், தெற்கில் எம இலிங்கம், தென்மேற்கில் நிருதி இலிங்கம், மேற்கில் வருண இலிங்கம், வடமேற்கில் வாயு இலிங்கம், வடக்கில் குபேர இலிங்கம், வடகிழக்கில் ஈசானிய இலிங்கம் என்பன அவை. முழுநிலவு நாளில் வலம்வரும் பல்லாயிரவரில் எவரும் எட்டில் ஒன்றை மறந்துவிட்டோமோ என்று ஐயுறுவதில்லை. ஒன்றையே இருமுறை கண்டோமோ என்றும் குழம்புவதில்லை. பாதையே அவர்களை வழிநடத்துகிறது.

அப்பாதையில் மூன்று செய்திகள் தெளிவாக உள்ளன. தொடங்கும் இடம் எது என்பது ஒன்று. இப்போது நிற்கும் இடத்திலிருந்து அடுத்து எங்குச் செல்வது என்பது மற்றொன்று. எங்கு வந்ததும் சுற்று முடிந்தது என்பது மூன்றாவது. இம்மூன்றும் இருந்தால், எட்டு இலிங்கங்களின் பட்டியலையும் நினைவில் சுமக்க வேண்டுவதில்லை. தொடக்கம், அடுத்தது, முடிவு என்னும் இம்மூன்றையும் வரையறுப்பதே சேர்மானங்களை உண்டாக்கும் நெறிமுறைகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

பாதை இல்லாதபோது நிகழ்வது வேறு. எட்டு இலிங்கங்களையும் விரும்பியவாறெல்லாம் முன்பின்னாகக் கண்டுவரலாம் எனக் கொண்டால், அதற்குரிய வரிசைகள் 8×7×6×5×4×3×2×1 = 40,320 ஆகும். அவற்றை மனம்போன போக்கில் எழுதத் தொடங்குபவர் நூறு வரிசைகளைக் கடப்பதற்குள்ளேயே எழுதியது எது, எழுதாதது எது என்றறியாமல் நின்றுவிடுவார்.

சந்தம் விளைந்த ஊர்

எட்டு என்னும் எண்ணை இவ்வூர் வேறொரு வகையிலும் நினைவூட்டுகிறது. 15-ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர் திருவண்ணாமலையோடு நெருங்கிய தொடர்புடையவர். அண்ணாமலையார் கோயிலின் கிளிக்கோபுரமும் கம்பத்து இளையனார் சந்நிதியும் அவர் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படுகின்றன. அவர் பாடிய திருப்புகழில் இன்று கிடைப்பவை ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள். தமிழில் சந்தத்தின் வகைகளை இத்துணை விரிவாகக் கையாண்ட நூல் பிறிதொன்றைக் காண்பது அரிது.

சந்தப் பாடல்களுக்கு இலக்கணம் வகுத்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள், 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய வண்ணத்தியல்பு என்னும் நூலில் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என எட்டு அடிப்படைச் சந்தங்களைக் கூறுகிறார். பட்டு என்பது தத்த; பாட்டு என்பது தாத்த; பந்து என்பது தந்த; சாந்து என்பது தாந்த. குறிலா நெடிலா, அதனை அடுத்து வரும் மெய் வல்லினமா மெல்லினமா என்னும் சிறு வேறுபாடே ஓசையை மாற்றிவிடுகிறது.

இவ்வெட்டில் இரண்டு அடுத்தடுத்து வந்தால் 8×8 = 64 அமைப்புகள் தோன்றும். மூன்று வந்தால் 512; ஆறு வந்தால் 2,62,144. எட்டே ஓசைத்துண்டுகளிலிருந்து இத்தனை வார்ப்புகள் பிறக்கின்றன. இவற்றை ஒன்றுவிடாமல் அடுக்கிப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு மலைப்பாதை போன்றதொரு வழி வேண்டும். அவ்வழியை எளிய நிலையிலிருந்து தொடங்கிக் காண்பதற்குத் தமிழ் யாப்பின் நேரசையும் நிரையசையும் போதுமானவை.

வாய்பாட்டில் உள்ள ஒழுங்கு

நேர் நேர் தேமா. நிரை நேர் புளிமா. நிரை நிரை கருவிளம். நேர் நிரை கூவிளம். பள்ளிகளில் பெரிதும் வழங்கும் இவ்வரிசையில், இரண்டு இடங்களில் இரண்டு அசைகள் அமையும் நான்கு வகைகளும் நிறைவாக இடம்பெற்றுள்ளன. மூவசைச்சீர் எட்டு, நாலசைச்சீர் பதினாறு. அசை ஒன்று கூடுந்தோறும் சீர்களின் எண்ணிக்கை இருமடங்காகிறது.

எண்ணிக்கையைக் காட்டிலும் வரிசையே இங்கு நோக்கத்தக்கது. தேமாவிலிருந்து புளிமாவிற்குச் செல்லும்போது முதலசை மட்டும் மாறுகிறது. புளிமாவிலிருந்து கருவிளத்திற்கு இரண்டாம் அசை மட்டும் மாறுகிறது. கருவிளத்திலிருந்து கூவிளத்திற்கு மீண்டும் முதலசை மட்டும் மாறுகிறது. கூவிளத்திலிருந்து தொடக்கமான தேமாவிற்குத் திரும்பினாலும் மாறுவது ஓரசையே. ஒவ்வோர் அடியிலும் ஒரே ஒரு மாற்றம். இறுதியில் தொடங்கிய இடத்திற்கே மீளுதல். கிரிவலப் பாதையின் வட்டம் போன்றதொரு வட்டம் இந்நான்கு வாய்பாடுகளில் அமைந்திருக்கிறது. இதன் பயனைப் பின்னர்க் காணலாம்.

பிரத்தாரம் என்னும் விரிவு

ஒரு செய்யுளின் அசைகளைக் குரு, இலகு என இரண்டாகப் பகுத்து, அவற்றின் எல்லா அமைப்புகளையும் வரிசையாக விரித்து எழுதும் முறையை வடமொழி யாப்பிலக்கண மரபு பிரத்தாரம் என்கிறது. பிங்கலரின் சந்த சூத்திரத்தில் தொடங்கும் இம்மரபைப் பின்வந்த உரையாசிரியர்கள் விளக்கமாக எழுதினர். அம்முறையை நேர், நிரை என்னும் தமிழ் அசைகளுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் எல்லாம் நேராக எழுத வேண்டும். அடுத்த வரியை எழுதுவதற்கு, மேல்வரியில் இடமிருந்து முதலாவதாக வரும் நேரைக் கண்டு அதன்கீழ் நிரை எழுத வேண்டும். அதற்கு வலப்பக்கம் உள்ளவற்றை மாற்றாமல் மேல்வரியில் உள்ளவாறே எழுத வேண்டும். இடப்பக்கம் உள்ள இடங்களை நேரால் நிரப்ப வேண்டும். எல்லாம் நிரையாக வரும் வரியில் நேரே இல்லாமையால் விரிவு முடிந்தது என அறியலாம். இம்முறைப்படி மூவசைச்சீர்கள் தேமாங்காய், புளிமாங்காய், கூவிளங்காய், கருவிளங்காய், தேமாங்கனி, புளிமாங்கனி, கூவிளங்கனி, கருவிளங்கனி என்னும் வரிசையில் வரும்.

நேரைச் சுழியாகவும் நிரையை ஒன்றாகவும் கொண்டால், இவ்வரிசை கணினியின் இருமஎண் வரிசையே ஆகும். இலக்கங்களை வலமிருந்து படிப்பதற்கு மாறாக இடமிருந்து படிக்க வேண்டும், வேறுபாடு அவ்வளவே.

இம்மரபு மேலும் ஒரு வினாவை எழுப்பியது: விரிவு முழுவதையும் எழுதாமல் அதில் ஆறாவது வரி எது எனச் சொல்ல இயலுமா? இதற்கு விடை காணும் முறை நஷ்டம் எனப்படும். எண் இரட்டைப்படையானால் நிரை எழுதி அதனைப் பாதியாக்க வேண்டும். ஒற்றைப்படையானால் நேர் எழுதி, ஒன்று கூட்டிப் பாதியாக்க வேண்டும். ஆறு இரட்டை, எனவே நிரை, பாதி மூன்று. மூன்று ஒற்றை; எனவே நேர், ஒன்று கூட்டிப் பாதியாக்க இரண்டு. இரண்டு இரட்டை, எனவே நிரை. நிரை நேர் நிரை என்பது புளிமாங்கனி. மேலே உள்ள வரிசையில் ஆறாவதாக நிற்பதும் அதுவே. ஒரு சீர் தரப்பட்டால் அது எத்தனையாவது என்று காணும் மறுதலை முறைக்கு உத்திட்டம் என்று பெயர்.

பெரும் பட்டியலைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டு உண்டாக்க வேண்டியிருக்கும்போது இம்முறை இன்றியமையாததாகிறது. பத்து இலட்சமாவது அமைப்பிலிருந்து தொடங்க வேண்டிய கணினி, அதற்கு முற்பட்டவற்றை எழுதிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தெரியுமா?

17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி இயற்றிய சதுர்தண்டிப் பிரகாசிகை, 72 மேளங்களை இவ்வாறே முறைப்படி அடுக்கியது. ரி, க இணைவுகள் 6, த, நி இணைவுகள் 6, மத்திமம் 2. எனவே 6×6×2 = 72. பின்னர் வழக்கிற்கு வந்த மேளகர்த்தாப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளிலிருந்து கடபயாதி முறையால் அந்த இராகத்தின் எண்ணைப் பெறலாம். மேசகல்யாணியில் ம ஐந்து, ச ஆறு. இவற்றைத் திருப்பி எழுதினால் 65. பெயரே இடத்தைச் சொல்லும் உத்திட்டம் இது.

நிரலாக எழுதுதல்

நெறிமுறையைக் கணினி அறியும் மொழியில் எழுதுவது நிரலாக்கம். சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைத்தான் முதலிய மொழிகள் பரவலாக வழங்குகின்றன. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியும் உண்டு. எழிலின் கட்டளைச் சொற்களைக் கொண்டு, எத்தனை அசைச் சீராயினும் அதன் எல்லா வகைகளையும் உண்டாக்கும் செயற்கூற்றைப் பின்வருமாறு எழுதலாம்.

நிரல்பாகம் சீராக்கு( மீதம், சீர் )
  @( மீதம் == 0 ) ஆனால்
    பதிப்பி சீர்
  இல்லை
    சீராக்கு( மீதம் - 1, சீர் + "நேர் " )
    சீராக்கு( மீதம் - 1, சீர் + "நிரை " )
  முடி
முடி

சீராக்கு( 3, "" )

இச்செயற்கூறு தன்னைத் தானே இருமுறை அழைக்கிறது. ஒருமுறை நேரைச் சேர்த்தும் மறுமுறை நிரையைச் சேர்த்தும் எஞ்சிய வேலையைத் தன்னிடமே ஒப்படைக்கிறது. மீதம் சுழியானதும் சீர் நிறைவுற்றது எனக் கொண்டு அதனைப் பதிப்பிக்கிறது. இதனைத் தற்சுழற்சி என்பர். மூவசைக்கு இது மொத்தம் 1 + 2 + 4 + 8 = 15 முறை அழைக்கப்பட்டு, எட்டுச் சீர்களை வெளியிடும். இங்கு வேகமாக மாறுவது கடைசி அசை. பிரத்தாரத்தில் வேகமாக மாறுவது முதலசை. வரிசை வேறாயினும் எட்டில் ஒன்றும் குறைவதில்லை.

மூன்று அசைகளுக்கு மூன்று மடக்குகளை ஒன்றனுள் ஒன்றாக எழுதியும் இதே பயனைப் பெறலாம். ஆயினும் நான்கசை கேட்டால் நிரலையே திருத்த வேண்டிவரும். தற்சுழற்சி நிரலில் 3 என்பதை 4 ஆக்கினால் போதும், பதினாறும் கிடைத்துவிடும்.

உண்டாக்கியவற்றை எல்லாம் நினைவகத்தில் சேர்த்துவைப்பதா, ஒவ்வொன்றாக வழங்குவதா என்பது நிரலர் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொரு செய்தி. பன்னிரண்டு பொருள்களின் வரிசைமாற்றங்கள் 47,90,01,600. இவை அனைத்தையும் தொகுத்துவைத்தால் நினைவகம் நிறைந்து நிரல் நின்றுவிடக்கூடும். ஒன்றை உண்டாக்கி, அதனைப் பயன்படுத்தி, பின்னர் அடுத்ததை உண்டாக்கினால் ஒரே ஒரு வரிசைக்குரிய இடமே போதும். பைத்தான் மொழியில் யீல்டு என்னும் கட்டளை இதற்கென்றே அமைந்தது. கேட்கும்போது ஒன்றைத் தந்து, விட்ட இடத்தை நினைவில் கொண்டு, மறுமுறை கேட்கும்வரை அச்செயற்கூறு காத்திருக்கும்.

அடிக்கு ஒரு மாற்றம்

தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் வரிசையின் சிறப்பை இனிக் காணலாம். அதனை மூவசைக்கு விரிக்க ஓர் எளிய வழி உண்டு. முதலில் நான்கையும் காய் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னர் அந்நான்கையும் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பியவாறு கனி சேர்த்துச் சொல்ல வேண்டும். தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய், கூவிளங்கனி, கருவிளங்கனி, புளிமாங்கனி, தேமாங்கனி எனும் வரிசை கிடைக்கும். கண்ணாடியில் தெரியும் உருவம்போல் பின்பாதி முன்பாதியைத் திருப்பிக் காட்டுகிறது. எட்டுச் சீர்களிலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு மாறுவது ஓரசை மட்டுமே. தேமாங்கனியிலிருந்து தேமாங்காய்க்கு மீண்டாலும் அவ்வாறே.

பட்டியலைப் பாராமலே இவ்வரிசையை நடத்திச் செல்லவும் விதி உண்டு. ஒற்றைப்படை அடிகளில் முதலசையை மாற்ற வேண்டும். இரட்டைப்படை அடிகளில், இடமிருந்து முதலாவதாக வரும் நிரைக்கு அடுத்துள்ள அசையை மாற்ற வேண்டும். அந்நிரைக்கு அடுத்து அசை இல்லையெனில் சுற்று முடிந்தது. இவ்விதியைக் கையால் செய்து பார்த்தால் மேற்கண்ட எட்டும் அதே வரிசையில் வருவதைக் காணலாம்.

பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பிராங்க் கிரே என்பவர் இத்தகைய வரிசைக்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். எனவே இது கிரே குறிமுறை எனப்படுகிறது. இதன் தேவை நடைமுறையில் எழுந்தது. இருமஎண்ணில் மூன்று என்பது 011. நான்கு என்பது 100. மூன்றிலிருந்து நான்கிற்குச் செல்லும்போது மூன்று இலக்கங்களும் ஒருசேர மாற வேண்டும். ஓர் இயந்திரத் தண்டு எவ்வளவு சுழன்றது என்று அளக்கும் கருவியில் இம்மூன்றும் இம்மியளவும் பிசகாமல் ஒரே கணத்தில் மாறுவதில்லை. ஓர் இலக்கம் முந்தினால் கருவி அக்கணத்தில் முற்றிலும் வேறான எண்ணைக் காட்டிவிடும். அடிக்கு ஓர் இலக்கமே மாறும் வரிசையில் அப்பிழைக்கு இடமில்லை. காட்டுவது பழைய எண்ணாக இருக்கும் அல்லது புதிய எண்ணாக இருக்கும். எல்லாவற்றையும் எழுதுவது மட்டுமன்றி எவ்வரிசையில் எழுதுவது என்பதும் பயன்கருதித் தேர்ந்தெடுக்க வேண்டிய ஒன்று என்பதை இது காட்டுகிறது.

நாராயண பண்டிதரின் வழி

நேர், நிரை என்னும் இரண்டும் எத்தனை முறையும் வரலாம். எட்டு இலிங்கங்களோ ஒவ்வொன்றும் ஒருமுறையே வரும். மாறுவது அவற்றின் முன்பின் மட்டும். இத்தகைய வரிசைமாற்றங்களை முறையாக உண்டாக்கும் வழியை நாராயண பண்டிதர் 1356-இல் இயற்றிய கணித கௌமுதி என்னும் வடமொழி நூலில் ஆராய்ந்தார். அதில் இப்பொருளைக் கூறும் பகுதிக்கு அங்கபாசம் என்று பெயர். அகராதி வரிசையில் அடுத்ததைக் காணும் இன்றைய நெறிமுறையின் முன்னோடியாக அவர் போற்றப்படுகிறார்.

இந்திரம் 1, அக்னி 2, எமம் 3, நிருதி 4 எனக் கொள்வோமாயின், 1 2 3 4 என்பது தொடக்கம். இடையில் 1 3 4 2 என்னும் வரிசை வந்துள்ளது எனக் கொள்ளலாம். இதற்கு அடுத்ததைக் காணும் படிகள் வருமாறு:

1. வலமிருந்து இடமாகச் சென்று, தனக்கு வலப்பக்கத்து எண்ணைவிடச் சிறியதாக உள்ள முதல் எண்ணைக் காண்க. 4, 2 என்பதில் 4 பெரியது. 3, 4 என்பதில் 3 சிறியது. எனவே மாற வேண்டியது 3.
2. மீண்டும் வலமிருந்து வந்து, அந்த 3-ஐவிடப் பெரிய முதல் எண்ணைக் காண்க. அது 4.
3. இரண்டையும் இடம் மாற்றுக. 1 4 3 2 கிடைக்கும்.
4. மாறிய இடத்திற்கு வலப்பக்கம் உள்ளவற்றைத் திருப்பி எழுதுக. 1 4 2 3 கிடைக்கும். இதுவே அடுத்தது.

முதற்படியில் அவ்வாறு சிறிய எண் எங்கும் இல்லையெனில் 4 3 2 1 வந்துவிட்டது என்று பொருள். இருபத்து நான்கும் முடிந்தன. சி பிளஸ் பிளஸ் மொழியின் நூலகத்தில் நெக்ஸ்ட் பெர்முட்டேஷன் என்னும் பெயரில் ஆயத்தமாக உள்ள செயற்கூறு செய்யும் வேலையும் இதுவே.

ஒரே பொருள் மீண்டும் வந்தாலும் இம்முறை பிழைபடுவதில்லை. இரண்டு நேரும் இரண்டு நிரையும் கொண்ட நாலசைச்சீர்களைக் காண, நேரைச் சுழியாகவும் நிரையை ஒன்றாகவும் கொண்டு 0 0 1 1 எனத் தொடங்கலாம். 0 1 0 1, 0 1 1 0, 1 0 0 1, 1 0 1 0, 1 1 0 0 எனச் சென்று ஆறில் முடியும். ஒன்றும் இருமுறை வருவதில்லை.

வெட்டத் தெரிதல்

எல்லாவற்றையும் உண்டாக்கிவிட்டு, வேண்டாதவற்றைக் கழிப்பது ஒரு வழி. வேண்டாதது எனத் தெரிந்த கணத்திலேயே அக்கிளையை வெட்டிவிடுவது மற்றொரு வழி. இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை வெண்பா நன்கு விளக்கும்.

வெண்பாவில் ஈரசைச்சீர் நான்கும் காய்ச்சீர் நான்கும் வரும், கனிச்சீர் வாராது. ஈற்றடி ஒழிந்த அடிகளில் நான்கு சீர்கள் அமையும். எனவே, தளையைக் கருதாவிடில் ஓரடிக்கு 8×8×8×8 = 4,096 அமைப்புகள் உண்டு. ஆனால் மாமுன் நிரையும், விளமுன் நேரும், காய்முன் நேரும் வர வேண்டும் என்பது விதி. எட்டுச் சீர்களுள் நேரில் தொடங்குபவை நான்கு. நிரையில் தொடங்குபவை நான்கு. ஆகவே முதற்சீர் எதுவாயினும் அடுத்த சீருக்கு நான்கு வாய்ப்புகளே எஞ்சும். விதிக்கு உட்பட்டவை 8×4×4×4 = 512 மட்டும்.

முதல் வழியில் ஒரு சீர், இரு சீர், முச்சீர், நாற்சீர் எனக் கட்டப்படுபவை 8 + 64 + 512 + 4,096 = 4,680. இரண்டாம் வழியில் 8 + 32 + 128 + 512 = 680. தேமாவை அடுத்துக் கூவிளத்தை வைக்க முற்பட்டவுடனேயே தளை தட்டுகிறது எனக் கண்டு, அதன்பின் வரக்கூடிய 64 அமைப்புகளையும் கட்டாமலே கைவிடுவதால் இச்சிக்கனம் கிடைக்கிறது. இதனைப் பின்வாங்கும் நெறிமுறை என்பர். முன்னேறி, தடை கண்ட இடத்தில் ஓரடி பின்வாங்கி, வேறு கிளையில் செல்வது இதன் இயல்பு. தேர்வு அட்டவணை அமைத்தல், பேருந்துகளுக்கு ஓட்டுநரைப் பகிர்தல் முதலிய பணிகளுக்கும் இவ்வழி பயன்படுகிறது.

விடுபடுதலின் விலையும் இங்கு எண்ணத்தக்கது. யாப்பை அலகிட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்றில் எட்டுச் சீர்களுள் ஒன்றை மட்டும் நிரலர் சேர்க்க மறந்தார் எனக் கொள்ளலாம். அச்சீர் வரும் வெண்பா ஒவ்வொன்றையும் அது பிழை என்று சொல்லும். பிழையற்ற பாடலை எழுதிய மாணவர் தம் செவியை ஐயுறத் தொடங்குவார். சீர்களைக் கையால் பட்டியலிடாமல் நெறிமுறையால் உண்டாக்கும்போது இப்பிழை நேர்வதில்லை.

எண்ணிக்கையின் எல்லை

நெறிமுறை சரியாக இருந்தாலும் காலம் போதாமல் போகலாம். இருபது பொருள்களின் வரிசைமாற்றங்கள் 2,43,29,02,00,81,76,640 ஆயிரங்கள். நொடிக்கு நூறு கோடி வரிசைகளை உண்டாக்கும் கணினிக்கும் இவற்றை முடிக்க ஏறத்தாழ 77 ஆண்டுகள் ஆகும். ஆகவே, நிரல் எழுதுமுன் எத்தனை உண்டாகும் எனக் கணக்கிடுவதும், எங்கு வெட்டலாம் எனத் தேடுவதும் நிரலரின் முதற்கடமைகள்.

மற்றொரு வகை எல்லையும் உண்டு. திருப்புகழ்ப் பாடல்கள் பல ஊர்களில் ஏட்டுச்சுவடிகளாகச் சிதறிக் கிடந்தன. வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தில் அவற்றைத் தேடித் திரட்டி அச்சேற்றினார். எட்டுச் சந்தங்களில் மூன்றை அடுக்கினால் 512 வார்ப்புகள் என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடலாம். ஐந்நூற்றுப் பதினொன்றே கையில் இருந்தால் ஒன்று குறைகிறது என்றும், குறைவது எது என்றும் காட்டிவிடலாம். இன்னும் எத்தனை பாடல்கள் எந்த ஊரின் எந்த வீட்டுப் பரணில் உள்ளன என்பதை எந்நெறிமுறையும் சொல்லாது. அதற்கு ஊர் ஊராகச் சென்று ஏடுகளைப் புரட்டியே தீர வேண்டும்.

இயலக்கூடியவை அனைத்தையும் கண்முன் நிறுத்துவது நெறிமுறையின் பணி. அவற்றுள் எது இனிக்கும் என்று செவியால் தேர்ந்து, அவ்வார்ப்பில் பொருளையும் உணர்வையும் ஊற்றியது அருணகிரிநாதரின் பணி. வரிசை தெரிந்தவருக்கு விடுபட்டது தெரியும். விடுபட்டது தெரிந்தவரே நிறைவைப் பற்றி உறுதியாகப் பேச இயலும்.

கற்பவை கற்றபின்

1. நாலசைச்சீர் பதினாறையும் அடிக்கு ஓரசை மட்டும் மாறுமாறு வரிசைப்படுத்துக.
2. நஷ்ட முறையைப் பயன்படுத்தி, நாலசைப் பிரத்தாரத்தின் பதினோராவது வரியைக் காண்க. முழு விரிவையும் எழுதி விடையைச் சரிபார்க்க.
3. வகுப்புத் தோழர் நால்வர் ஒரே வரிசையில் நின்று, நாராயண பண்டிதரின் படிகளைப் பின்பற்றி இருபத்து நான்கு வரிசைகளையும் நின்று காட்டுக. பின்வாங்காமலும் மீளாமலும் முடிந்ததா என மற்றொருவர் குறித்துவருக.
4. நேரில் தொடங்கும் சீரை முதற்சீராகக் கொண்டு வெண்டளை பிழையாமல் அமையும் இருசீர் அமைப்புகள் எத்தனை? பட்டியலிடுக.